தெனாகா பங்கின் பழைய விலைகள்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கணக்கு எழுதிக் கொடுப்பதும் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் என் தொழில். வருமான வரி, சேமநிதி, இறந்தவரின் சொத்து என்று வருகிறவர்களில் சிலர், பேச்சோடு பேச்சாக, மலேசிய மின்சார நிறுவனமான தெனாகாவின் பழைய பங்கு விலைப்பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். கைப்பேசியிலோ தாளிலோ எண்கள் இருக்கும். அவற்றை எப்படிப் படிப்பது என்பதுதான் குழப்பம். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பாணியிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்து வந்தால் எளிது. பின்னால் வரும் பதில்கள் முன்னதைச் சார்ந்தே நிற்கின்றன.

மின்சாரக் கம்பெனியின் பழைய விலையைத் தெரிந்துகொண்டு தோட்டத்துக்காரர்களுக்கு ஆகப்போவது என்ன?

பங்கே வாங்காதவருக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. தெனாகா நேஷனலின் பெரிய பங்குதாரர்கள் ஊழியர் சேமநிதி வாரியமும், அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்களான கஸானா நேஷனல், பெர்மோடாலான் நேஷனல் ஆகியவையும். சேமநிதியில் உங்கள் பெயரில் பணம் இருந்தால், அதில் ஒரு சிறு துளி இந்த நிறுவனத்திலும் இருக்கிறது.

நேரடித் தேவை வேறு. அப்பாவோ மாமாவோ 1990களில் வாங்கி வைத்துவிட்டுப் போன பங்குகளைப் பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போது, எந்தத் தேதியின் விலையை எடுப்பது என்ற பேச்சு வருகிறது. அங்கே தவறான விலையைப் படித்தால் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்புதான் மிஞ்சும். என்னிடம் வரும் கேள்விகளில் பாதி அங்கிருந்து பிறந்தவை.

எங்கள் காலத்தில் எல்எல்என்தானே இருந்தது? தெனாகாவின் விலை எந்த வருஷத்திலிருந்து கிடைக்கும்?

1992 மே 28ஆம் தேதியிலிருந்து. அன்றுதான் தெனாகா நேஷனல் பெர்ஹாட் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதற்கு முன் அது அரசு வாரியம். 1949இல் மத்திய மின்சார வாரியமாகத் தொடங்கி, 1965இல் லெம்பாகா லெட்ரிக் நெகாரா (எல்எல்என்) என்று பெயர் மாறி, 1990 செப்டம்பர் 1இல் நிறுவனமாக ஆக்கப்பட்டது. வாரியத்துக்குப் பங்கும் இல்லை, பங்கு விலையும் இல்லை.

நம் பக்கத்துப் பெரியவர்கள் 'பேராக் ஹைட்ரோ' என்று ஒரு பெயர் சொல்வார்கள். 1930இல் செயல்படத் தொடங்கிய செண்டரோ அணையிலிருந்து கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்த தனி நிறுவனம் அது. 1982இல் எல்எல்என் அதை எடுத்துக்கொண்டது. அதன் கணக்கைத் தெனாகாவின் விலைப்பட்டியலில் தேட வேண்டாம்.

பட்டியலைத் தேடும்போது பெயரைவிடப் பங்கின் குறியீட்டு எண் நம்பகமானது. கோலாலம்பூர் பங்குச் சந்தையின் இன்றைய பெயரான புர்சா மலேசியாவில் தெனாகாவின் எண் 5347.

கூட்டுறவுச் சங்கப் பங்கு அப்பா வாங்கிய அதே விலையில்தான் இருக்கிறது. இது மட்டும் ஏன் தினம் மாறுகிறது?

துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிப் பங்கு சேர்த்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அவர்கள் மனத்தில் பங்கு என்றால் சங்கத்தில் போட்ட தொகை. அது சரிதான்; கூட்டுறவில் பங்கின் விலை முகமதிப்பிலேயே நிற்கும், விலகும்போது போட்டது திரும்ப வரும்.

சந்தைப் பங்கில் உங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நிறுவனம் இல்லை. உங்கள் பங்கை வாங்க முன்வரும் இன்னொருவர்தான் கொடுக்கிறார். அவர் இன்று என்ன விலைக்குச் சம்மதிக்கிறாரோ அதுதான் இன்றைய விலை. ரப்பர் விலை நாளுக்கு நாள் மாறி, பால் வெட்டியவர் கையில் வந்த காசும் அதோடு மாறியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மைக்கா பங்கை இதோடு சேர்த்துக் கேட்பவர்களும் உண்டு. இந்தியச் சமூகத்திடம் பணம் திரட்டிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. ஆகவே அதற்குத் தினசரி விலை வரலாறு என்ற ஒன்று கிடையாது. அதில் பணம் போட்டவர்களின் வேதனைக்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பு இல்லை.

தம்பி, ஒரு நாளுக்கு ஆறு எண் போட்டிருக்கிறார்கள். இதில் எதை விலை என்று எடுப்பது?

திறப்பு விலை, அன்றைய உச்சம், அன்றைய தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, சரிசெய்யப்பட்ட முடிவு விலை. பொதுவாக இந்த ஆறும்தான் இருக்கும். 'இன்று விலை என்ன' என்று ஒருவர் கேட்டால் முடிவு விலையைச் சொல்வதே வழக்கம். மாலை 4.45க்குத் தொடர் வணிகம் நின்றபின், மீதமிருக்கும் விற்கும் வாங்கும் கட்டளைகளை ஒன்றாகப் பொருத்தி அந்த விலையை முடிவு செய்கிறார்கள்.

கைமாறிய எண்ணிக்கையைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஒரு நாள் விலை பெரிதாக நகர்ந்திருக்கிறது, ஆனால் கைமாறியது சொற்பம் என்றால் அந்த நகர்வுக்கு அதிகக் கனம் கொடுக்கத் தேவையில்லை. பழைய செய்தித்தாளில் இந்த எண்ணைப் படிக்கும்போது அது பங்கா, லாட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் ஒரு லாட் 1,000 பங்கு, இப்போது 100.

ஆறாவது எண்ணுக்குத் தனியாகப் பதில் வேண்டும். கீழே வருகிறது.

நடுவில் சில தேதிகளே இல்லை. பட்டியலில் கோளாறா?

பெரும்பாலும் சந்தை விடுமுறை. சனி, ஞாயிறு, தேசிய விடுமுறைகள் போக, கோலாலம்பூரின் விடுமுறை நாள்களிலும் சந்தை மூடியிருக்கும். தைப்பூசத்தன்று விலை இல்லாததும், பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினத்தன்று விலை இல்லாததும் இதனால்தான். பேராக் சுல்தானின் பிறந்தநாளுக்கு நம் ஊரில் வங்கி பூட்டியிருக்கும், சந்தை நடக்கும்.

அபூர்வமாக வேறு காரணமும் உண்டு. 2008 ஜூலை 3ஆம் தேதி புர்சாவின் கணினி அமைப்பு பழுதாகி நாள் முழுவதும் வணிகம் நடக்கவில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு ஒரு விலை வேண்டுமென்றால் அதற்கு முந்தைய வணிக நாளின் முடிவு விலையை எடுப்பார்கள்.

'சரிசெய்யப்பட்ட விலை' என்றால் என்ன? நடந்து முடிந்த விலையை யார் சரிசெய்வது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். 'பழைய விலையை மாற்றிவிட்டார்கள், ஏதோ தில்லுமுல்லு' என்று கோபமாக வருகிறவர்களும் உண்டு. தில்லுமுல்லு ஒன்றும் இல்லை. பங்குகளின் எண்ணிக்கை மாறும்போது பழைய விலையையும் புதிய விலையையும் ஒரே அளவுகோலில் கொண்டுவரச் செய்யும் கணக்கு அது. விலைப்பட்டியல் வெளியிடுகிறவர்கள் அதைச் செய்கிறார்கள். நிறுவனத்துக்கு அதில் வேலை இல்லை.

தெனாகா 2011இல் போனஸ் பங்கு கொடுத்தது. நான்கு பங்கு வைத்திருந்தவருக்கு ஒன்று இலவசம். 400 பங்கு வைத்திருந்தவரிடம் 500 ஆனது. இலவசம் என்றதும் செல்வம் கூடிவிட்டது என்று நினைக்கக் கூடாது. நிறுவனத்தின் மின் நிலையமும் கம்பியும் கடனும் முந்தைய நாள் எவ்வளவோ அவ்வளவேதான். கணக்குக்காக விலை 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 400 பங்கின் மதிப்பு 3,200 வெள்ளி. அதே 3,200ஐ 500 பங்குக்குப் பகிர்ந்தால் ஒரு பங்கு 6.40. சரிசெய்யாத பட்டியலைப் பார்ப்பவருக்கு ஒரே இரவில் ஐந்தில் ஒரு பங்கு விலை கரைந்ததுபோல் தெரியும். உண்மையில் யாரும் ஒரு சென்கூட இழக்கவில்லை. இந்தப் பொய்யான பள்ளத்தை நீக்குவதற்காக, போனஸுக்கு முந்தைய எல்லா விலைகளையும் 0.8ஆல் பெருக்கிவிடுகிறார்கள்.

ஆகவே 1995ஆம் ஆண்டின் ஒரு நாளுக்குச் செய்தித்தாளில் ஒரு விலையும் இன்றைய பட்டியலில் அதைவிடக் குறைந்த விலையும் இருந்தால் இரண்டும் சரி. செய்தித்தாள் அன்றைய பங்கைச் சொல்கிறது. பட்டியல் அதை இன்றைய பங்கின் அளவில் சொல்கிறது.

லாப ஈவு கொடுக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டால், அதே வாரத்தில் விலை இறங்குகிறது. கொடுத்த கையாலேயே பிடுங்குகிறார்களா?

ஈவு என்பது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை. ஒவ்வொரு ஈவுக்கும் ஓர் எக்ஸ் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே வாங்கி வைத்திருப்பவருக்கு ஈவு கிடைக்கும். அன்றோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்குக் கிடைக்காது. நேற்று வாங்கினால் 25 சென் ஈவும் சேர்ந்து வரும், இன்று வாங்கினால் வராது என்றால், இன்று வாங்குபவர் ஏறக்குறைய 25 சென் குறைத்துத்தான் கேட்பார். அந்த இறக்கம்தான் அது. வேறு செய்திகளும் அன்று சந்தையைத் தள்ளுவதால், பைசா சுத்தமாக 25 சென்னே இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஈவு கையில் வந்துவிடுகிறதே, அதைப் பட்டியல் எப்படிக் காட்டும்? பல இணையதளங்கள் இங்கேயும் சரிசெய்கின்றன. எக்ஸ் தேதிக்கு முந்தைய முடிவு விலை 10 வெள்ளி, ஈவு 25 சென் என்றால், அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் 0.975ஆல் பெருக்குகிறார்கள்.

எல்லாத் தளங்களும் இதைச் செய்வதில்லை. சில போனஸுக்கு மட்டும் சரிசெய்யும், சில இரண்டுக்கும் செய்யும், சில ஒன்றுமே செய்யாது. இரண்டு தளங்களில் இரண்டு விலை இருக்கிறதே என்று மோதிக்கொள்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

போன வருஷம் அச்செடுத்த தாளில் ஒரு விலை, இன்று அதே தளத்தில் அதே தேதிக்கு வேறு விலை. எது பொய்?

முந்தைய பதிலின் தொடர்ச்சிதான் இது. தெனாகா வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை ஈவு தருகிறது. ஒவ்வொரு முறையும் பின்னோக்கி எல்லா விலைகளும் கொஞ்சம் கீழே பெருக்கப்படுகின்றன. அதனால் சரிசெய்யப்பட்ட விலை என்பது எடுத்த தேதியைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய எண். அச்செடுக்கும்போது தாளின் மூலையில் தேதியை எழுதி வைப்பது நல்லது.

9.8137 போன்ற எண்களைப் பார்த்து 'இந்த விலைக்கு யார் விற்றது' என்று ஒருவர் கேட்டார். யாரும் விற்கவில்லை. புர்சாவின் இப்போதைய விதிப்படி, ஒரு வெள்ளியிலிருந்து பத்து வெள்ளிக்குக் கீழுள்ள பங்கின் விலை ஒவ்வொரு சென்னாகவும், பத்து வெள்ளியிலிருந்து நூறு வெள்ளிக்குக் கீழுள்ளவை இரண்டிரண்டு சென்னாகவும் நகரும். நான்கு தசம இடங்கள் கண்ணில் பட்டால் அது கணக்கில் பிறந்த விலை.

அப்படியானால் எதற்கு எந்தப் பட்டியல்?

ஒரு குறிப்பிட்ட நாளில் கையிலிருந்த பங்கின் மதிப்பு வேண்டுமென்றால், அதாவது இறந்தவரின் சொத்துக் கணக்கு, பழைய ரசீதைச் சரிபார்ப்பது, பாகம் பிரிப்பது போன்றவற்றுக்கு, சரிசெய்யாத விலையை எடுத்து அன்று இருந்த பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். சரிசெய்த விலையை அன்றைய எண்ணிக்கையால் பெருக்கினால் மதிப்பு குறைவாக வரும். சரிசெய்யாத பழைய விலையை இன்றைய எண்ணிக்கையால் பெருக்கினால் கூடுதலாக வரும். நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் இந்த இரண்டாவது பிழை அதிகம்.

இத்தனை ஆண்டு வைத்திருந்ததில் என்ன கிடைத்தது என்று பார்க்க விரும்பினால், போனஸுக்கும் ஈவுக்கும் சரிசெய்த விலையே உதவும்.

மின் கட்டணம் ஏறினால் பங்கு விலையும் ஏறும்தானே?

அப்படி ஏறிய காலம் உண்டு. 2013 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது; 2014 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் சராசரிக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு 4.99 சென் கூடும் என்று. விலை வரலாற்றில் இதன் தடத்தைத் தேடுபவர்கள் ஜனவரியில் தேடி ஏமாறுகிறார்கள். சந்தை அறிவிப்பு வந்த நாளிலேயே, பல சமயம் வதந்தி வந்த நாளிலேயே, கணக்குப் போட்டுவிடும். நடைமுறைக்கு வரும் நாள் சந்தைக்குப் பழைய செய்தி.

அதற்கு முன் நிலைமை கடுமையாக இருந்தது. எரிபொருள் விலை ஏறினாலும் அரசு அனுமதி இல்லாமல் கட்டணத்தை ஏற்ற முடியாது. 2011இல் எரிவாயு போதுமான அளவு கிடைக்காமல் தெனாகா எண்ணெயையும் டீசலையும் எரிக்க வேண்டியதாயிற்று. செலவு ஏறியது, கட்டணம் அதோடு ஏறவில்லை, லாபம் சரிந்தது.

2014லிருந்து முறை மாறியது. எரிபொருள் செலவின் ஏற்ற இறக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கிட்டு, கூடுதல் கட்டணமாகவோ தள்ளுபடியாகவோ பயனீட்டாளரிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு வந்தது. 2025 ஜூலை 1 முதல் அது மாதந்தோறும் நடக்கிறது. இன்று உங்கள் பில்லில் எரிபொருளுக்காக ஏறும் பணம் நிறுவனத்தின் லாபமாக நிற்பதில்லை; நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் போய்விடுகிறது. கம்பி, துணைமின்நிலையம் போன்ற சொத்துகளின்மீது இவ்வளவு சதவிகிதம் ஈட்டலாம் என்று எரிசக்தி ஆணையம் அனுமதிப்பதிலிருந்தே பெரும்பகுதி லாபம் வருகிறது. 2015 முதல் 2017 வரை அது 7.5 சதவிகிதம், 2018இல் தொடங்கிய அடுத்த காலகட்டத்தில் 7.3. பில்லைவிட இந்த எண்ணைத்தான் முதலீட்டாளர்கள் பார்க்கிறார்கள். இருந்தாலும் 2022இல் நிலக்கரி விலை எகிறியபோது, அரசிடமிருந்து வரவேண்டிய தொகை வரும்வரை நிறுவனம் கடன் வாங்கிச் சமாளித்தது. விதி இருப்பது ஒன்று, பணம் கைக்கு வருவது ஒன்று.

97, 98இல் யாரும் விளக்கை அணைத்துவிட்டு உட்காரவில்லையே. பிறகு ஏன் மின்சாரக் கம்பெனி விலை விழுந்தது?

நல்ல கேள்வி. பதில் மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது கடன். தெனாகாவின் கடனில் கணிசமான பகுதி டாலரிலும் யென்னிலும் இருந்தது, வருமானமோ ரிங்கிட்டில். ஆசிய நிதி நெருக்கடிக்கு முன் ஒரு டாலர் இரண்டரை ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. 1998 செப்டம்பரில் அரசு 3.80இல் கட்டிவைத்தபோது அதே கடன் ரிங்கிட் கணக்கில் பாதியளவு பெருத்திருந்தது. இரண்டாவது, தனியார் மின்னுற்பத்தி நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்கள். 1992 செப்டம்பரில் நாடு பெரும் மின்தடையைச் சந்தித்த பிறகு, 1993 முதல் தனியார் மின் நிலையங்களுக்கு உரிமம் வழங்கப்பட்டது. அவற்றிடமிருந்து மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தயார்நிலையில் இருப்பதற்கென்று ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலைகளின் தேவை குறைந்தது, இந்தச் செலவு குறையவில்லை.

மூன்றாவதில் நிறுவனத்தின் குற்றம் ஒன்றும் இல்லை. சந்தையிலிருந்தே பணம் ஓடிக்கொண்டிருந்தது. சந்தையின் ஒட்டுமொத்தப் போக்கைக் காட்டும் கோலாலம்பூர் கூட்டுக் குறியீடு 1998 செப்டம்பர் 1இல் 262.70 புள்ளிக்கு இறங்கியது. 1994 ஜனவரியில் அது 1,300ஐத் தாண்டி நின்றது. அந்த வெள்ளத்தில் நல்ல பங்கு, கெட்ட பங்கு என்ற பேதம் இல்லை. ஒரு பங்கின் பழைய விலையைப் படிக்கும்போது பக்கத்தில் குறியீட்டையும் வைத்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

2018இல் 15 வெள்ளிக்கு வாங்கினேன். 2023 கடைசியில் 10 வெள்ளி. பங்குக்கு 5 வெள்ளி நட்டம், சரிதானே அண்ணன்?

விலை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் அந்த ஆண்டுகளில் வாங்கிய ஈவு எங்கே போயிற்று? 2019 நிதியாண்டுக்கு மட்டும் சிறப்பு ஈவோடு சேர்த்துப் பங்குக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த ஐந்து வெள்ளியில் பாதிக்கு மேல் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து, வீட்டுச் செலவில் கரைந்திருக்கிறது. நட்டம் இருந்தது, நீங்கள் சொன்ன அளவில் இல்லை. 2024 முடிவில் விலை மறுபடி 14 வெள்ளியைத் தாண்டியபோது, ஈவோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு லாபத்துக்குத் திரும்பிவிட்டது.

மின்சாரம், தண்ணீர் போன்ற நிறுவனங்களில் இது முக்கியம். இவை வேகமாக வளர்வதில்லை. லாபத்தில் பெரும்பகுதியை ஈவாகக் கொடுத்துவிடும். விலைப் பத்தியை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

1995ஆம் வருஷத்துப் பத்து வெள்ளியும் இன்றைய பத்து வெள்ளியும் ஒன்றா? சரிசெய்த விலையில் அதுவும் அடங்குமா?

அடங்காது. விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்கும் வேலையைப் பட்டியல் செய்வதில்லை. அதை நீங்கள்தான் தனியாகச் செய்ய வேண்டும்.

ஒரே பங்கு, ஒரே காலம். ஒரு படத்தில் மலை மாதிரி ஏறுகிறது, இன்னொன்றில் சமதரை. எப்படி?

இடப்பக்க அளவைப் பாருங்கள். 9 முதல் 10 வெள்ளி வரை மட்டும் காட்டும் படத்தில் 30 சென் ஏற்றமும் மலைதான். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் அதே ஏற்றம் கண்ணுக்கே தெரியாது.

நீண்ட காலப் படங்களில் இன்னொன்று உண்டு. சாதாரண அளவில் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரே உயரம். மடக்கை அளவில் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஒரே உயரம். 3இலிருந்து 6 ஆவதும் 6இலிருந்து 12 ஆவதும் ஒரே அளவாகத் தெரியும். முப்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்க மடக்கை அளவே நியாயமானது என்பது என் கருத்து. முதலீடு செய்தவருக்கு வெள்ளிக் கணக்கைவிடச் சதவிகிதம்தான் பொருள்.

பழைய ஆண்டறிக்கையில் இருக்கும் ஈவும் அப்பாவின் வங்கிப் புத்தகத்தில் வந்த தொகையும் பொருந்தவில்லை. யாரோ எடுத்துக்கொண்டார்களா?

யாரும் எடுக்கவில்லை. அக்காலத்தில் ஈவை வரிக்கு முந்தைய தொகையாக அறிவித்து, நிறுவன வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். 28 சதவிகித வரி இருந்த ஆண்டில் 10 சென் ஈவு என்றால் கைக்கு 7.2 சென். 2008இல் ஒற்றைநிலை வரிமுறை வந்தது. மாற்றத்துக்கு 2013 முடிவுவரை அவகாசம் இருந்தது. இப்போது அறிவிக்கும் தொகைதான் கைக்கு வரும். 2025 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, ஓராண்டில் ஈவு வருமானம் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டுபவருக்கு மட்டும் தாண்டிய தொகைக்கு 2 சதவிகித வரி உண்டு. அந்தக் கவலை என் கடைக்கு வருகிறவர்களுக்கு இன்னும் வரவில்லை.

இன்னொரு பொறி: 2017வரை தெனாகாவின் நிதியாண்டு ஆகஸ்டு 31இல் முடிந்தது, பிறகு டிசம்பர் 31க்கு மாறியது. நடுவில் நான்கு மாதக் கணக்கு ஒன்று தனியாக நிற்கும். அதை முழு ஆண்டாக எண்ணி 'ஈவைக் குறைத்துவிட்டார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள்.

மலாகோஃப் விலை 2015இலிருந்துதான் கிடைக்கிறது. எங்கள் தாத்தா அதற்கு முன்பே வைத்திருந்தாரே?

தாத்தா வைத்திருந்தது வேறு பட்டியலிடுதல். மலாகோஃப் முதலில் தோட்ட நிறுவனம். 1990களில் மின்னுற்பத்திக்கு மாறியது. ரப்பரை விட்டுவிட்டு மின்சாரத்துக்குப் போனதைக் கேட்டுத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு சிரிப்பு வருவது நியாயம். 2007இல் அதை முழுவதும் வாங்கிச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். அப்போது பங்குதாரர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. 2015 மே 15இல் 1.80 வெள்ளிக்குப் புதிய பங்காக மீண்டும் பட்டியலிடப்பட்டது, எண் 5264.

பழைய மலாகோஃபின் விலையையும் புதிய மலாகோஃபின் விலையையும் ஒரே கோட்டில் இணைத்துப் போட்ட படம் யாராவது காட்டினால் நம்பாதீர்கள். பெயர் ஒன்று, பங்கு வேறு, எண்ணிக்கை வேறு, விலையின் பொருளும் வேறு.

வாட்ஸ்அப் குழுவில் பத்து வருஷ விலையைப் போட்டு, அடுத்த ஏற்றம் எப்போது என்று சொல்கிறார்கள். சேர 300 வெள்ளி. சேரலாமா?

வேண்டாம். பழைய விலை எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் காட்டிக் காசு வாங்குபவர் விற்பது வேறு எதையோ. பங்கு முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்யப் பத்திர ஆணையத்தின் உரிமம் வேண்டும். ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் முதலில் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஆள் நல்லவர் என்றும் ஆகிவிடாது.

அம்மாவின் இரும்புப் பெட்டியில் 1992ஆம் வருஷத்துத் தெனாகா காகிதப் பத்திரம் கிடைத்தது. 1,000 பங்கு. இன்றைய விலையால் பெருக்கி, போனஸையும் சேர்த்துக்கொள்ளலாமா?

அவசரப்பட்டுப் பெருக்க வேண்டாம். 1990களில் காகிதப் பத்திரங்களை ஒப்படைத்து, பங்குகளை மின்னணுப் பதிவாக வைக்கும் மத்திய வைப்புக் கணக்கில் பங்கை ஏற்ற வேண்டும் என்று விதி வந்தது. 1998 டிசம்பர் 1க்குள் ஒப்படைக்காத பத்திரங்களுக்குரிய பங்குகள் நிதியமைச்சரின் பெயருக்கு மாற்றப்பட்டன. உங்கள் கையில் இருக்கும் தாள் அந்த வகையாக இருக்கலாம். அல்லது அப்பா எப்போதோ பங்கை விற்றுவிட்டு, வேறு எண்ணுள்ள பத்திரத்தை ஒப்படைத்திருக்கலாம். தாளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

முதல் வேலை, நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்குப் பத்திர எண், பெயர், பழைய அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கொடுத்து எழுதிக் கேட்பது. பங்குகள் இன்னும் நிதியமைச்சின் கணக்கில் இருக்கின்றனவா, விற்கப்பட்டுவிட்டனவா என்று பதில் வரும். விற்கப்பட்டிருந்தால் பேச்சு விற்ற தொகையைப் பற்றியது, இன்றைய விலையைப் பற்றியது இல்லை. அப்போது 2011 போனஸைச் சேர்க்கும் கேள்வியும் எழாது.

கோரப்படாத ஈவு தனி வழி. அது கோரப்படாத பணங்களுக்கான பதிவாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். தேசியக் கணக்காளர் துறையின் இகுமிஸ் இணையதளத்தில் அப்பாவின் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம். இறந்தவர் என்றால் வாரிசுப் பத்திரங்கள் கேட்பார்கள். பதிவாளருக்கு எழுதும்போது பத்திரத்தின் நகலை மட்டும் இணையுங்கள். மூலத்தை அவர்கள் எழுத்தில் கேட்கும்வரை வீட்டிலேயே வைத்திருங்கள், லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.